பட்டாவில் வராத கணம்

தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் நின்றபடி வந்த ஒரு மாலையில்தான் எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. அன்று அப்படித்தான் நினைத்தேன். எம்.எஸ்ஸி.யில் என்னோடு படித்த நண்பன், கம்பியைப் பிடித்துக்கொண்டே கணிதத்தில் ஃபோர்சிங் என்கிற உத்தியை விளக்கிக்கொண்டு வந்தான். கணங்களால், அதாவது செட்களால், ஆன ஓர் உலகம். அதில் இல்லாத ஒரு கணத்தை வெளியிலிருந்து சேர்த்தால் பெரிய உலகம் ஒன்று பிறக்கும். பழைய விதிகள் அங்கேயும் செல்லும். முழு எண்களின் முடிவிலிக்கும் கோட்டிலுள்ள புள்ளிகளின் முடிவிலிக்கும் நடுவே இன்னொரு முடிவிலி உண்டா என்றால், ஓர் உலகில் உண்டு, மற்றொன்றில் இல்லை. அதெப்படி இரண்டும் சரியாகும் என்று கேட்டேன்.

“புறம்போக்குடா அந்தப் புதுக் கணம். யார் பட்டாவுலயும் வராது, ஆனா இருக்கு. சேத்துக்கிட்டா ஊரே பெருசாயிடும்.”

முன் சீட்டுக்காரர் திரும்பினார். “எந்த ஊருல தம்பி? பட்டா குடுக்குறாங்களா?”

அதற்கு இன்னும் சர்வே எண்ணே போடவில்லை என்றான் நண்பன், முகம் மாறாமல்.

“அப்ப வில்லங்கம்தான்” என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதிப் படிப்பில் அவன் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டான். புறம்போக்கு என்னிடம் தங்கிவிட்டது. போன வாரம் என் செமினாரையே அதில்தான் தொடங்கினேன். தேறினால் ப்ராஜெக்டுக்குக் கணக்கோட்பாடு என்கிற செட் தியரி. இல்லாவிட்டால் எனக்குப் பிடிக்காத வகைக்கெழுச் சமன்பாடுகள். செமினாரை நடத்தும் மேடம் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, “புறம்போக்குக்கும் சர்வே நம்பர் உண்டுப்பா, கிராம வரைபடத்துலயே இருக்கும். உன் கணம் எந்த வரைபடத்துல இருக்கு?” என்றார். சாக்பீஸை வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

நண்பனைப் போனில் அழைத்துச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். “அதை வச்சுத்தானடா நானே புரிஞ்சுக்கிட்டேன்” என்றான்.

புதிதாகச் சேர்க்கும் கணத்தின் ஒவ்வொரு சிறு துண்டும் பழைய உலகத்துக்குள்ளேயே இருக்கிறது, முழுசுதான் இல்லை. உள்ளே இருப்பவர்கள் அதற்குப் பெயர் வைக்கலாம், அதைப் பற்றி வாதாடலாம், பார்க்க மட்டும் முடியாது. இது புரிகிற மாதிரி இருக்கிறது, உடனே நழுவுகிறது. வரிசையாக எண்ணிவிடக்கூடிய சின்ன உலகமென்றால் நாம் வெளியே நின்று துண்டு துண்டாகக் கட்டலாம். எல்லாமும் அடங்கிய உலகத்துக்கு எங்கே போய் நிற்பது?

மேடம் வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். இந்த முறை ஊரும் வேண்டாம், நிலமும் வேண்டாம். சின்ன உலகம் ஒன்று, பலகையில் சில பூஜ்யங்கள், சில ஒன்றுகள். அந்த உலகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பூஜ்ய-ஒன்று வரிசையிலிருந்தும் எங்காவது ஓரிடத்தில் மாறுபடும்படி புது வரிசை ஒன்றை நீட்டிக்கொண்டே போவேன். எல்லாமும் அடங்கிய உலகத்தைப் பற்றிக் கேட்டால், நிற்க எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.