மூணு எட்டு நடந்த விளம்பரம்

பழைய டிவி விளம்பரத்தையெல்லாம் இப்ப செல்போன்ல போட்டுப் பாக்குறாங்க. எம் பேத்தி ஒண்ணொண்ணா தட்டிக் காட்டுவா. சோப்புத்தூள் பாட்டு, சைக்கிள்ல போற குடும்பம், தீபாவளிக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு மத்தாப்பு கொளுத்துற பொம்பளை. "அவ்வா, உங்க காலத்து விளம்பரம் எவ்ளோ நல்லா இருக்கு"ன்னா. "எங் காலம் இன்னும் முடியலடி, அதுக்குள்ள என்னை அனுப்பி வச்சிராத"ன்னேன். சிரிச்சா. ஆனா நான் கேட்ட ஒண்ணே ஒண்ணை மட்டும் அவளால தேடிக் குடுக்க முடியல. அது ஒரு ஊதுபத்தி விளம்பரம்.

எங்க வீட்டுக்காரருக்கு மைசூரு தேவராஜா மார்க்கெட்ல பூக்கூடை தூக்குற வேலை. தலையில ஒரு செவப்புத் துண்டைச் சும்மாடா சுருட்டி வச்சு, அது மேல கூடையை ஏத்திக்கிட்டு, ஆளு இடிக்காம சந்துல ஓடுவாரு. தொண்ணூறுகள்ல ஒரு நாளு விளம்பரம் எடுக்கறவங்க கேமராவோட மார்க்கெட்டுக்கு வந்துட்டாங்க. அழகான ஒரு பொண்ணு மல்லிகைப்பூவை எடுத்து மோந்து பாக்கணும், அவ பின்னால ஒரு ஆளு கூடையோட நடக்கணும். ஆளுக்கு எங்கே போறது? இவரைப் பிடிச்சாங்க. "நேராப் பாத்து நடங்க, கேமராவைப் பாக்காதீங்க"ன்னு பத்துத் தடவை சொன்னாங்களாம்.

அந்த நேரம் பாத்து நான் அவருக்குச் சோத்துத் தூக்குச்சட்டியோட மார்க்கெட் வாசல்ல போய் நின்னேன். தலையில கூடை இருந்தா கழுத்தைத் திருப்ப முடியாது. இருந்தாலும் மனுசன் மூணாவது எட்டுல கண்ணை மட்டும் ஓரமா ஓட்டி வாசப்பக்கம் என்னைப் பாத்துட்டாரு. திட்டுவாங்கன்னு நெனச்சேன். "போதும், ஓகே"ன்னுட்டுப் போயிட்டாங்க.

அது டிவில வருதுன்னு ஒரு பூக்காரர் வந்து சொன்னதும் இவருக்கு இருப்புக் கொள்ளல. மண்டி மொஹல்லால ரிப்பேர் கடையில ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவியை வாங்கி, அவர் தலையிலயே தூக்கிட்டு வந்தாரு. ஓட்டு மேல ஏறி ஆன்டெனாவை நட்டு, "வருதா? வருதா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரிக் கத்துனாரு.

"வருது. உங்களைத் தவிர எல்லாரும் வர்றாங்க"ன்னேன்.

ஞாயித்துக்கிழமை கன்னடப் படத்துக்கு நடுவுல வந்துச்சு. அந்தப் பொண்ணு பூவை மோந்து கண்ணை மூடுறா. பின்னால இவரு ஒரு எட்டு, ரெண்டு எட்டு, மூணு எட்டு. அப்புறம் கண்ணு ஓரமா ஓடுது. நாலாவது எட்டு வைக்கறதுக்குள்ள ஊதுபத்தி டப்பா பெருசா வந்து அவரை மறைச்சிரும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்கா சிரிச்சுக்கிட்டே, "உன் வீட்டுக்காரரு அந்தப் பொண்ணைத்தானே பாக்குறாரு"ன்னா. நான் அவரைப் பாத்தேன். அவரு என்னைப் பாத்தாரு. "ஆமாக்கா, அந்தாளு புத்தியே அப்படித்தான்"னேன். உண்மையை ஊருக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு.

அவரு அதைப் பாத்தது ஏழோ எட்டோ தடவைதான். அந்த வருசம் மழைக்காலத்துல மஞ்சக்காமாலை வந்துச்சு. பத்து நாளு படுத்தாரு, போயிட்டாரு. எம் மகளுக்கு அப்ப ஒண்ணரை வயசு.

வீட்டுல அவரு போட்டோ ஒண்ணு கூட இல்ல. எங்க கல்யாணம் கோயில்ல அவசர அவசரமா நடந்தது, போட்டோக்காரன் வரல. ஓட்டுக் கார்டுக்குப் படம் பிடிக்க ஆளுங்க வந்தப்ப, "லோடு வந்திருக்கு"ன்னு இவரு மார்க்கெட்டுக்கு ஓடிட்டாரு. செத்தவருக்கு மாலை போடப் படம் கேட்டாங்க. நான் எதைக் குடுப்பேன்? சும்மாட்டுத் துண்டைத்தான் ஆணியில மாட்டி வச்சேன்.

ஆனா விளம்பரம் நிக்கல. எங்க வேணா, எப்ப வேணா வரும். மத்த வீடுகள்ல விளம்பரம் வந்தா ஒருத்தர் தண்ணி குடிக்கப் போவாங்க, ஒருத்தர் அடுப்பைப் பாக்கப் போவாங்க. எங்க வீட்டுல அப்பத்தான் உக்காருவோம். நான் அப்போ வீட்டுல இருந்தே பூக்கட்டிக் குடுக்க ஆரம்பிச்சிருந்தேன். படம் ஓடறப்ப தலை குனிஞ்சு கட்டுவேன், விளம்பரம் வந்தா நாரை விட்டுட்டு நிமிருவேன். எம் மக பேசக் கத்துக்கிட்டதே இதுலதான்னு சொல்லணும். "அம்மா, நோடு! அப்பா பந்த்ரு!"ன்னு தெருப்பிள்ளைங்களோட சேர்ந்து கத்துக்கிட்ட கன்னடத்துல கத்துவா. பாரு, அப்பா வந்துட்டாராம்.

"அப்பா துண்டு சாம்பக் கலரு"ன்னு ஒருநாளு சொன்னா. ஆணியில தொங்குற செவப்புத் துண்டைக் காட்டினேன். நம்பல. டிவில இருக்கறதுதான் அவளுக்கு நெசம்.

"அப்பா யாரைப் பாக்குறாரு?"ன்னு கேப்பா.

"உங்க அப்பனுக்கு யாரு தெரியுதோ அவங்களை."

"டப்பா வந்ததுக்கு அப்புறம் அப்பா எங்க போறாரு?"

நான் குனிஞ்சு நாரை எடுத்துக் கட்ட ஆரம்பிச்சிருவேன்.

அவளுக்கு நாலு வயசு ஆனப்ப வந்த ஆயுதபூஜை. மைசூருல தசரான்னா சும்மாவா? சைக்கிள்ல இருந்து பஸ்ஸு வரைக்கும் எல்லாத்துக்கும் மாலை, சந்தனம், குங்குமம், பூசணிக்காய். நமக்குச் சோறு போடற சாமானை அன்னைக்குக் கழுவி, பொட்டு வச்சு, பொரிகடலை படைச்சு, தொடாம விட்டுரணும். மறுநாளுதான் எடுக்கணும். அவரு இருந்தப்ப அந்தத் துண்டைத் தொவைச்சு மடிச்சு வைப்பாரு. "வருசத்துல ஒரு நாளு என் தலைக்கு லீவு"ம்பாரு.

நான் துண்டை வச்சேன், பூ ஊசியை வச்சேன், நாரு உருண்டையை வச்சேன். அப்புறம் டிவியைப் பாத்தேன். என்னைக் கேட்டா, எங்க வீட்டுல பெரிய ஆயுதம் அதுதான். செத்த மனுசனைக் கூட்டிட்டு வருதே. கண்ணாடியைத் துடைச்சு, மூணு பட்டை விபூதி போட்டு, நடுவுல குங்குமம் வச்சு, சாமந்தி மாலையைப் போட்டேன். பிளக்கையும் பிடுங்கி வச்சுட்டேன்.

சாயங்காலம் கன்னடத்து அக்கா வந்தா. "ஏன்டி, இன்னைக்குப் பண்டிகை, ஸ்பெஷல் புரோகிராம் எல்லாம் போடறான், போடு"ன்னா.

"அதுக்கு இன்னைக்கு லீவுக்கா. பொட்டு வச்சிட்டேன்."

"டிவிக்குப் போய் யாராவது லீவு குடுப்பாங்களா? நான் மேல வீட்டுக்குப் போறேன் போ."

எம் மக விடல. "அப்பாவைப் போடு, அப்பாவைப் போடு"ன்னு மாலையைப் பிடிச்சு இழுத்தா. நான் அவ கையைப் பிடிச்சுத் தள்ளி உக்கார வச்சேன். "அப்பா வருசம் பூரா கூடை தூக்குறாரு. இன்னைக்கு அவருக்கு லீவு. நாளைக்கு வருவாரு"ன்னேன். அழுதுட்டே தூங்கிட்டா. ரொம்ப நல்ல காரியம் பண்ணிட்ட மாதிரி எனக்கும் ஒரு நெனப்பு.

மறுநாளு விடிஞ்சதும் அக்கா வாசல்ல நின்னு சொன்னா. "நேத்து உன் வீட்டுக்காரரு மூணு தடவை வந்தாருடி. அந்தப் பாட்டு நிகழ்ச்சியே அந்த ஊதுபத்திக்காரங்க போட்டதுதான்."

அன்னைக்கு மத்தியானம் தசரா யானை ஊர்வலத்தை டிவில நேரடியாக் காட்டுனாங்க. ஊரே தெருவுல நின்னு யானையைப் பாக்குது, நானும் மகளும் அதே யானையை வீட்டுல உக்காந்து பாக்குறோம், விளம்பரத்துக்காக. அவரு வரல. அடுத்த ஞாயிறு வரல. தீபாவளி அன்னைக்குக் காலையில இருந்து உக்காந்தோம். வந்துச்சு, அதே ஊதுபத்தி, அதே டப்பா. ஆனா இப்ப ஒரு பங்களா, மாடிப்படி, பட்டுப்பாவாடை கட்டின பாப்பா. மார்க்கெட் இல்ல, கூடை இல்ல.

எம் மக டிவியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "நீ லீவு குடுத்தல்ல, அதான் அப்பா போயிட்டாரு"ன்னா.

ஒரு தடவை இல்ல, மூணு தடவை வந்திருக்காரு அந்த மனுசன். நான் குங்குமத்தை வச்சு மூஞ்சியை மூடி வச்சிருந்தேன்.

ரெண்டு நாளு அவ கன்னடத்து அக்கா வீட்டுலயே சோறு தின்னா. மூணாம் நாளு நான் அடுப்பங்கரையில உக்காந்து பூக்கட்டிக்கிட்டு இருந்தேன். அவ ஆணியில இருந்த துண்டை எக்கி எடுத்தா. தலையில அதைச் சுத்தத் தெரியாம சுத்தி, காலிப் பூக்கூடையைக் கவுத்தாப்ல வச்சுக்கிட்டு, சுவத்து ஓரமா நடந்தா. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணு எட்டு. அப்புறம் தலை ஆடாம கண்ணை மட்டும் ஓரமா ஓட்டினா, வாசப்பக்கம். அச்சு அசலா அவரு. அப்படியே நின்னுட்டா. அதுக்கு மேல அவளுக்குத் தெரியாது.

வாசல்ல யாரும் இல்ல.

மடியில இருந்த பூவைக் கீழ கொட்டிட்டு எந்திரிச்சேன். சோத்துத் தூக்கை எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நின்னேன்.

"அப்பா இங்கதான் பாத்தாரு. இங்கதான் நான் நின்னேன்"னேன். "இப்ப நட."

கூடையை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு நாலாவது எட்டு வச்சா.