மூணாவது போதும்

இன்னைக்குப் போன்ல ஒரு விளம்பரம். ராஜபாளையம் பக்கம் மாந்தோப்பு பங்களா ஓட்டல். 'அந்தக்கால உபசரிப்போடு வாரக்கடைசி விருந்து.'

அந்தக்கால உபசரிப்பா? தொண்ணூறுகள்லயே அனுபவிச்சாச்சு. கல்யாணமான புதுசுல நானும் வீட்டுக்காரரும் அங்கதான் ரெண்டு நாள் தங்கினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்தோம். தலைப்பாகை கட்டின சப்ளையர் ஒரு கரண்டி பிரியாணி வச்சுட்டு, "இன்னும் வைக்கட்டுமா சார்?"ன்னாரு.

இவரு தட்டுக்குக் குறுக்க கையை நீட்டி, "போதும், போதும்"னாரு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வேற என்ன சொல்வாரு? நாம போதும்னா அவிய "அட, சாப்பிடுங்க"ன்னு வைக்கணும். மூணாவது போதும்தானே நிசமான போதும்?

அந்த மனுசன் "தேங்க்யூ சார்"னு சட்டியோட போயிட்டாரு. என்னா பணிவு!

"கூப்பிட்டுக் கேளுங்களேன்"னேன்.

"ஏட்டி, கேட்டு வாங்கித் தின்னா மரியாதையா இருக்குமா?"

அந்த மரியாதையால ரெண்டு நாளும் ரெண்டு பேருக்கும் அரைவயிறு.

கிளம்புறப்ப மேனேஜர் வந்தாரு. "இன்னும் ஒரு நாள் தங்கலாமே சார்?"

"போதுங்க."

"அட, இருங்க சார்."

"போதும் போதும்."

"ஒரே ஒரு நாள்!"

பாத்தீங்களா, வற்புறுத்தத் தெரியாதவிய இல்ல. சோத்துச் சட்டி கையில இருந்தா மட்டும் மறந்துரும் போல.

உங்க வீட்ல எத்தனாவது போதும் நிசம்?