கஞ்சி போட்ட சட்டை

கஞ்சி போட்டுக் காயவைத்த வெள்ளைத் துணியில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், சோறு லேசாக அடிபிடித்த மாதிரி ஒரு வாசனை எழும்பும். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் அந்த வாசனை வரும். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருந்த எங்கள் காலனியில் மற்ற நாளெல்லாம் பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம்தான். வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள், நாங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சட்டை என் அண்ணன் சாமுவேலுடையது. அவன் மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் இவனை ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு அம்மா 'பொருத்தனை' செய்தாளாம். எங்கள் பக்கத்தில் சபை குருவை 'ஐயரு' என்பார்கள். அதனால் தெருவே அவனைச் 'சின்ன ஐயரு' என்று கூப்பிட்டது. அப்பா தோல் பதனிடும் 'தோல் ஷாப்பில்' கூலி, அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில். ஆனால் சாமுவேல் கை மட்டும் தோலைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். முட்டை வாங்கினால் அவனுக்கு, புது நோட்டு அவனுக்கு, கஞ்சி போட்ட சட்டை அவனுக்கு. தங்கச்சியான எனக்கு வயிறு எரியும், அதை மறைப்பானேன். ஆனால் அவன் அந்த முட்டையில் பாதியை அம்மாவுக்குத் தெரியாமல் எனக்குப் பிய்த்துக் கொடுப்பான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பதினாறு. அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அன்றைக்கு வெயில் ஜாஸ்தி, கால் சுடும், போகமாட்டேன் என்று நான் தரையில் படுத்து அழுதேன். அம்மா காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போயிருந்தாள். "சரி, குடு, பேஜார் பண்ணாத," என்று சொல்லி அண்ணன் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு போனான்.

அங்கே கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள இறங்கிய ஒருவர் சத்தமில்லாமல் விழுந்திருக்கிறார். மேலே நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு ஏணியில் இறங்கினானாம். உள்ளே என்ன காற்று இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரையும் கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். தூக்கை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தவர் அப்பாவோடு வேலை செய்த ஒரு பாய். அதை வைத்துவிட்டு அவர் வாசலிலேயே குந்தி அழுதார். சோறு கொட்டாமல் அப்படியே இருந்தது.

அடக்கத்துக்கு வந்த சபைக்காரர் ஒருவர், "ஊழியம் செஞ்சிட்டுத்தாம்மா போயிருக்கான்," என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா நிமிர்ந்து, "அந்தத் தொட்டிக்கா நான் கொடுத்தேன்?" என்று கேட்டாள். அன்றோடு அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை, கை பழக்கத்தில், அவள் அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டு ஆணியில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "அண்ணனுக்குப் பதிலா நான் போறேம்மா ஊழியத்துக்கு." அவள் சட்டையைப் பிடித்து இழுத்த வேகத்தில் பொத்தான்கள் தெறித்தன. "ஒன்ன நான் குடுக்கல. கேட்டாலும் குடுக்க மாட்டேன். புரிஞ்சிதா?"

எனக்கு அம்மாவைவிடக் கடவுளிடம்தான் பயம் அதிகமாக இருந்தது. கொடுத்த பிள்ளையையே இப்படி எடுத்துக்கொள்கிறவர், சாப்பாடு கொண்டுபோகாமல் அடம்பிடித்தவளை என்ன செய்வார்? ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லவும் அவரைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. பள்ளி விட்டதும் காலியாக இருக்கும் தகரக் கூரைக் கோயிலில் போய் உட்கார்ந்து, "உம்மைப் பார்த்தா பயமா இருக்கு. போக வேண்டியது நான்தான்," என்று தினமும் அதையே சொன்னேன். எந்தக் குரலும் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகு எழுந்து வீட்டுக்கு நடக்கக் காலில் கொஞ்சம் பலம் இருந்தது, அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த தைரியம் இன்றைக்கும் அந்த அளவுதான்; அன்றன்றைக்கு வீடு வந்து சேரலாம்.

அதை வைத்துக்கொண்டே படித்தேன். பொம்பளைப் பிள்ளை அடக்க ஆராதனையெல்லாம் எடுப்பாளா என்று கேட்டவர்களைத் தாண்டி இறையியல் கல்லூரிக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை, வழியனுப்பவும் வரவில்லை. குருவாக நான் அபிஷேகம் பெற்ற நாளில் முன்வரிசையில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

நான் பொறுப்பேற்ற சபையில் முதல் வருடமே ஒரு தொட்டிச் சாவு வந்தது. பெட்டியின் பக்கத்தில் அந்தப் பையனின் அம்மா நின்றிருந்தாள். புத்தகத்தைத் திறந்தேன், எழுத்து தெரியவில்லை. தகரக் கூரைக்கு அடியில் சொன்ன அதே வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே என் அம்மா நின்றுகொண்டிருந்தாள். யார் சொல்லி வந்தாளோ தெரியாது. அந்த வாரம் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "அங்கிய இப்டி கசங்கலாவா போடுவ?" என்று கேட்டு, நான் ஆராதனைக்குப் போடும் அங்கியை வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்தத் தோல் ஷாப் இல்லை. தொட்டியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். அதன்மேல் ஷூ கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. கோயிலுக்குக் கான்கிரீட் கூரை வந்துவிட்டது. அப்பா இல்லை, தூக்கைக் கொண்டுவந்த பாயும் இல்லை. காலனியில் பழைய நாற்றம்கூட இல்லை, காற்று சும்மா வீசுகிறது. என்னோடு வந்து இருக்கும் அம்மா இன்னும் கோயிலுக்குள் வருவதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, இத்தனை வருடம் கடவுளிடம் மட்டுமே சொல்லிவந்ததை அவளிடம் சொன்னேன். அன்றைக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியது நான் என்று.

அம்மா கை நிற்கவில்லை. "தெரியும். தூக்க உங்கிட்டதான குடுத்துட்டுப் போனேன். அதனாலதான் ஒன்ன குடுக்க மாட்டேன்னேன். பதிலுக்குப் பதில்னு நெனச்சினு போவியேன்னு."

"இப்ப குடுப்பியாம்மா?"

அவள் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். சோறு அடிபிடித்த வாசனை எழும்பியது. "தள்ளி நில்லு," என்றாள், "நாளைக்கு வேணும் இல்ல?"