லைக்ரா துணி திருப்பி அடித்த பந்து

கோவை கோல்ஃப் மைதானத்தில் எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர் அடித்த பந்து குளத்தைத் தாண்டிப் போன நொடியில்தான் எனக்கும் அந்த ஆசை வந்தது. சாம்பிள் காட்டப் போயிருந்த நான் மட்டையைக் கேட்டு வாங்கி மூன்று முறை வீசினேன். மூன்று முறையும் புல்தான் பெயர்ந்தது. அடுத்த சீசனுக்கு அவர் வரும்போது பந்தைக் குளம் தாண்டி அடித்துக் காட்டுவதாகச் சவால் விட்டுவிட்டேன்.

நல்லூரில் எங்கள் பனியன் யூனிட் மொட்டை மாடியில், கழித்துப்போட்ட, ரப்பர்போல இழுபடும் லைக்ரா துணியை வலைக்குப் பதிலாக இழுத்துக் கட்டினேன். கோல்ஃப் சிடியில் பார்த்த வீரரைப் போலவே முதுகை முறுக்கி, கையை உச்சிக்குத் தூக்கி, தினமும் மதிய இடைவேளையில் அடித்தேன். இரண்டு மாதமாகியும் பந்து கோணலாகவே போனது. ஒருநாள் அதிசயமாக நேராகப் போனது. போன வேகத்தில் துணி அதைத் திருப்பி அனுப்பியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வி, தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவுத் தூத்துக்குடிக்காரி, சிரித்தாள். "அவ்வளவு இறுக்கிக் கட்டுனா திருப்பித்தான் அடிக்கும். நீங்களும் அந்தத் துணி மாதிரியே விறைச்சுப்போய் நிக்கீங்க. வேன்ல துணி ரோல் ஏத்தும்போது மட்டும் எப்படி அழகா வீசுதீங்க?"

"அது வேலைங்க. இது விளையாட்டுங்க."

"உடம்பு ஒண்ணுதானே?"

துணியைத் தளர்த்திக் கட்டினேன். ரோலைத் தூக்கிப் போடுவதுபோல இடுப்பைத் திருப்பி, கையைத் தோள்வரை மட்டும் கொண்டுபோய் வீசினேன். பந்து துணியின் நடுவில் பட்டு அதன் அடியிலேயே விழுந்தது. இத்தனை நாளும் இன்னொருவர் உடம்பை வைத்துப் பழகியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை பையர் வருகிறார். இந்த அரை வீச்சைப் பார்த்து மைதானத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குளத்துக்கு முன்னால் நின்று இதையேதான் வீசப்போகிறேன்.