வந்த அலுவலை முதலில் சொல்வது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கண்டியில் ஒரு கம்பனியில் எஞ்சினியராக இருந்தேன். தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் இயந்திரங்களைப் பரிசோதித்து, தோட்டங்களை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. இரும்பைப் பற்றி எனக்குத் தெரியும். எழுத்தைப் பற்றியும் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலீசு அல்லவா, ஒரு வசனத்தைத் தொடங்கினால் அரைப் பக்கம் தாண்டித்தான் முற்றுப்புள்ளி வைப்பேன்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில் வந்த அலுவலைச் சொல்வது மரியாதை அல்ல. சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, தேத்தண்ணி குடித்து, எழும்பும்போதுதான் 'ஒரு சின்ன விசயம்' என்று இழுப்போம். கெட்ட செய்தி என்றால் இன்னும் சுற்றி வளைப்போம். என் அறிக்கைகளும் அப்படியே சுகம் விசாரித்துக்கொண்டுதான் போயின.

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைக் கொழுந்து மும்முரமாக வந்துகொண்டிருந்த காலம். தொழிற்சாலை எஞ்சினின் பெரிய சக்கரத்தில் ஆழமான வெடிப்பு ஒன்றைக் கண்டேன். சுழலும்போது சக்கரம் பிளந்தால் இரும்புத் துண்டுகள் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்து அரைக்கும் ஆட்கள் நாள் முழுக்க நின்றார்கள். அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்.

துரை முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். அதில் பரிசோதனைக்கு அனுமதி தந்ததற்கு நன்றியும், எஞ்சினின் வயதும், எண்ணெயின் தரமும் இருந்தன. வெடிப்பு கடைசிப் பக்கத்தில் இருந்தது. நல்லது என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் காரில் ஏறப் போனார். வாயால் சொல்லிவிடலாம் என்று பின்னால் ஓடினேன். ஓடிப்போய் எதைத் தொடங்கினேன்? அந்த வருட மழையை! சக்கரத்துக்கு வருவதற்குள் கார் போய்விட்டது. துரை சொல்லாமல் எஞ்சினை நிறுத்த முடியாது என்று தொழிற்சாலைப் பொறுப்பாளரும் கையை விரித்தார். மாலையில் வேலை முடிந்து எஞ்சின் நின்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் காலையில் திரும்பவும் ஓடும்.

வீட்டுக்கு வந்து துரையைத் திட்டித் தீர்த்தேன். என் மனைவி கண்டியிலேயே பிறந்தவள், சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் டீச்சர். அறிக்கையின் பிரதியை வாங்கி நிதானமாக வாசித்தாள்.

"அவரு என்ன செய்யணும்னு இதுல எங்கங்க எழுதியிருக்கீங்க?"

"கடைசியில இருக்கு. வடிவாப் பாரும்."

"அவரு கடைசி வரைக்கும் வரலையே. சரி, தமிழ்ல என்கிட்ட சொல்லுங்க. நான்தான் துரை. கார்ல ஒரு கால வச்சிட்டேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சக்கரம் வெடிச்சிருக்கு! நாளைக்கு எஞ்சினை ஓட்டினா ஆக்கள் சாவினம்!"

"இதையே எழுதுங்க. நன்றியெல்லாம் பின்னால வரட்டும்."

"முகத்தில அடிச்ச மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும். இரும்பு வந்து அடிக்கிறத விடவா?"

எழுதினேன். விடிந்ததும் பங்களாவுக்குப் போய்க் கொடுத்தேன். துரை படியில் நின்றபடியே வாசித்தார். இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. எஞ்சினைத் தொடவேண்டாம் என்று உடனே ஆள் அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று சீறினார். நேற்றே சொன்னேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். உண்மையில் நான் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு எந்த அறிக்கையையும் அவளிடம் வாயால் சொல்லிப் பார்க்காமல் நான் எழுதியதில்லை. கூட்டங்களில் பேசுவதற்கும் அதே பழக்கம்தான். வேலையில் நான் எடுத்த நல்ல பேரில் பெரும்பங்கு அவளுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சொல்லாமல் விட்டால்தான் வெட்கம்.

சில நாள் கழித்துச் சக்கரத்தைக் கழற்றிச் சங்கிலியில் இறக்கினோம். தரையில் பட்டதும் இரண்டாகப் பிளந்து விழுந்தது. சத்தம் கேட்டு, கொழுந்து அரைக்கும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் பிளந்த இரும்பைப் பார்த்தார். பிறகு, தான் வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா சொன்னதால பொழச்சோம்" என்றார்.

சொல்ல வைத்தவள் அந்த நேரம் கண்டியில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.