பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அறுந்த இணைப்பு

கவுஞ்சி என்ற மலையூரில் ஒரு பெண்ணை அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தையிடமிருந்து நான் இரண்டு மாதம் பிரித்து வைத்தேன். தெரிந்து செய்யவில்லை. கடைசிப் பதினொரு நாட்கள் மட்டும் தெரிந்தே செய்தேன்.

கொடைக்கானலில், ஏரியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, எழுத்தில் ஏற்றித் தரும் வேலை. பன்னிரண்டு பெண்கள், அதில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே செய்கிறார்கள். நோயாளியின் விவரம் யாருடைய சொந்தக் கணினியிலும் தங்கக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கோயம்புத்தூரில் உள்ள ஒரு பெரிய சர்வருக்குள் ஆளுக்கொரு விஎம் வைத்திருக்கிறோம். விஎம் என்றால், தனியாக உடம்பில்லாத ஒரு கணினி. வீட்டு லேப்டாப்பில் தெரிவது அதன் திரை மட்டும்தான். இடையில் இணைப்பு அறுந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். அந்த விஎம்களை உருவாக்குவதும் பழுது பார்ப்பதும் என் வேலை.

அந்தக் கவுஞ்சிப் பெண் எங்களிலேயே பிழை குறைவாக எழுதுகிறவள். கணவருக்குப் பூண்டும் கேரட்டும் போட்ட நிலம். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, தூங்க வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். மழை பிடித்த வாரத்தில்தான் அவளுக்கு இணைப்பு அறுபடத் தொடங்கியது.

"அக்கா, மறுபடியும் கட்டாயிருச்சுக்கா."

"மோடத்துல என்ன லைட் எரியுது?"

"எல்லாம் பச்சையாத்தான் எரியுது."

"அணைச்சுப் போடும்மா. உங்க ஊரு மழைக்கு அப்படித்தான் இருக்கும்."

அணைத்துப் போட்டாள். மோடத்தை ஜன்னலோரம் மாற்றச் சொன்னேன், மாற்றினாள். கேபிளை மாற்றச் சொன்னேன், கணவர் பஸ் ஏறி வந்து வாங்கிப் போனார். வீட்டுப் பக்கத்துப் பேரி மரத்தில் ஒயர் உரசுகிறதோ என்றேன். மழைக்குள் மரத்தில் ஏறி அதை அவிழ்த்து வேறு பக்கமாக இழுத்துக் கட்டினார். ஒவ்வொன்றையும் நான் ஃபோனில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

ஒரு நாள் அவள் கேட்டாள். "ஏங்க்கா, இதே வைஃபைல ஃபோன்ல வீடியோ கால் பேசுறேன், அது நிக்கவே இல்ல. இது மட்டும் ஏன் நிக்குது?"

சரியான கேள்வி. அதைக் கேட்டதும் நான் சர்வரைப் பார்த்திருக்க வேண்டும். "அது வேற, இது வேறம்மா" என்றேன். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்னிடம் எதுவுமே இல்லை.

இரண்டு நாள் கழித்து, எப்போதெல்லாம் அறுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

கோப்புகள் தாமதமாக வருகின்றன என்று புகார் வந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "கவுஞ்சி லைன் சரியில்ல சார். அங்கருந்து இந்த வேலை ஓடாது" என்றேன். நான் மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்காரி. மேல்மலை ஊர்களில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது என்று கீழேயே தீர்மானித்துவிட்டு வந்தவள். அவர் என் பேச்சை நம்பினார். ஆபீசுக்கு வந்து வேலை பார்க்க வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்.

அவள் வந்தாள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். குழந்தை மாமியாரிடம். திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஏறி வருவாள், சனிக்கிழமை மதியம் போவாள்.

முதல் வாரம், கழிப்பறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது ஸ்வெட்டரின் முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டதா என்று கேட்டேன்.

"பால் கட்டிக்கிச்சுக்கா. பீச்சி விட்டேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். அப்போது எனக்கு என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான் இருந்தது.

ஆபீசில் அவளுக்குப் புதிய விஎம் ஒன்றைக் கொடுத்தேன். பழையதில் குப்பை சேர்ந்திருக்கும் என்று ஒரு எண்ணம். ஒரு தடவைகூட அறுபடவில்லை. "பாத்தியா? லைன்தான்" என்றேன். "ஆமாக்கா" என்றாள்.

ஒன்றரை மாதம் போயிற்று. புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர, சும்மா கிடந்த அந்தப் பழைய விஎம்மை அவளுக்குக் கொடுத்தேன். மறுநாள் பத்து மணிக்கு, "மேடம், ஸ்க்ரீன் அப்படியே நிக்குது" என்றாள். மூன்று மணிக்கு மறுபடியும். அவள் என் மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே கவுஞ்சியும் இல்லை, மழையும் இல்லை.

சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மழை பிடித்த அதே வாரம், சோதனைக்காக அந்த விஎம்மை நகல் எடுத்திருந்தேன். நகலுக்குப் புது முகவரி எண் கொடுக்க மறந்திருந்தேன். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போல. அந்த நகல் தினமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தானாக விழித்து, கால் மணி நேரம் ஓடி அணையும்படி வைத்ததும் நான்தான். அது விழிக்கும்போதெல்லாம் கவுஞ்சிக்காரியின் இணைப்பு வழி தெரியாமல் அறுந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் மேலே தள்ளித் தள்ளிப் போய் அவளுடைய படத்தைத் திறந்தேன். 10.01, 3.02, 10.02, 3.01. கோடு போட்டு எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: 'ஞாயிறு வேலை செய்து பார்த்தேன், கட் ஆகவில்லை.' ஞாயிற்றுக்கிழமை அந்த நகலுக்கு விடுமுறை விட்டிருந்தேன். பழுதை அவள் பாதி கண்டுபிடித்துக் கையில் கொடுத்திருக்கிறாள்.

எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் ஆனது. பராமரிப்புப் பதிவில் 'அமைப்பில் சிறு மாற்றம்' என்று எழுதினேன். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பதினொரு நாட்களும் அவள் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மேலாளர் என்ன சொல்வார் என்று பயந்தேன். அவள் முகம் எப்படி மாறும் என்பதற்கு அதைவிடப் பயந்தேன். ஒரு மத்தியானம் டீ குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். "இப்பல்லாம் சனிக்கிழமை போனா, பாப்பா எங்க அத்தை மடிய விட்டு எறங்க மாட்டேங்குறாக்கா. யாரோ மாதிரி பாக்குறா. பாலும் மறந்துட்டா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பாதி டீயோடு டம்ளரைக் கழுவ எடுத்துப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அவளோடு நடந்தேன். பஸ் வர நேரமிருந்தது. சொல்லிவிட்டேன். நகல், எண், பத்து மணி, மூன்று மணி, பதினொரு நாள், எல்லாவற்றையும். மூடுபனிக்குள் ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அப்ப நான் வீட்டுலயே இருந்து பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம்."

"நோட்டுல எழுதி அனுப்பிச்சேனே."

"நான் பாக்கல."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் வந்தது. "வெரசா ஏறுங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வந்து சேருவதற்கு முன்பே நான் மேலாளரிடம் போனேன். எழுதியும் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "அந்தப் புள்ளைய வேலைய விட்டு எடுத்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?" என்றார். அந்த வாரமே அவள் விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டாள். வேலை அங்கிருந்தே நன்றாக நடக்கிறது. இப்போது என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள். மரியாதையாகத்தான் பேசுகிறாள்.

போன மாதம் பெருமழையில் அவளுடைய இணைப்பு மறுபடி அறுந்தது. நான் ஒரு மணி நேரம் சர்வரைத் துருவினேன். பதிவுகள், முகவரிகள், நகல்கள். எதிலும் பிழை இல்லை. லைனாக இருக்குமோ என்று கேட்க வேண்டும், ஆனால் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், எங்க பக்கந்தான். ரோட்டுல மரம் விழுந்து ஒயர் அறுந்து கெடக்கு. ரெண்டு நாள் ஆகும்ங்கறாக."

பின்னால் குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. "சரிம்மா, சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ புள்ளையப் பாரு" என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.