விமானத்தின் அடிவயிற்று நிறம்

கலர்காரர் என்றால் அந்தத் தெருவில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரியும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் முப்பத்தொரு வருஷமாகக் கலர் கலக்குகிறவர். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவது வேறு ஆளின் வேலை. நிமிர்த்திய இடமும் பழைய இடமும் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துபோகிற மாதிரி நிறம் கொண்டுவருவது இவர் வேலை. டப்பாவைத் திறப்பார், குச்சியால் கிண்டுவார், ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள், அவ்வளவுதான். கம்பெனிக்காரன் கட்டம் கட்டமாக நிறம் அச்சடித்துக் கொடுக்கிற கலர் சீட்டை டப்பாவுக்கு மூடியாகத்தான் வைத்திருந்தார். "சீட்டு இங்க இருக்குய்யா" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

கல்யாணம் ஆகவில்லை. கல்யாணப் பேச்சுக்குப் போன வீட்டில், "சுவத்துல ரெண்டு ஷேடு தெரியுதே, யாரு அடிச்சது?" என்று கேட்டுவிட்டு வந்த மனுஷர். "அண்ணன் பொண்ணைப் பார்க்கல, சுவத்தைத்தான் பார்த்துச்சு" என்று தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவளும் இப்போது வேறு ஊரில். இவருக்கு மாடியில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மேஜை. சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. பலகையில் நாற்பத்தோரு போர் விமானங்கள்.

எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் விமானங்கள். அந்தக் காலத்துப் பெரிய யுத்தத்தில் பறந்தவற்றின் அச்சு, அளவு மட்டும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வெறும் அழகுக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை அது. முதுகில் பச்சையும் மண் நிறமும் பட்டை பட்டையாக வளைந்து போகும், மேலேயிருந்து பார்க்கிற எதிரிக்கு வயலும் வரப்புமாகத் தெரியட்டும் என்று. அடிவயிற்றில் வெளிறிய ஒரு நிறம், கீழேயிருந்து பார்த்தால் வானத்தோடு வானமாகக் கரைந்துபோக. அந்த நிறத்தை நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. வாத்து முட்டை ஓட்டைப் பார்த்திருந்தால் புரியும். இன்னொன்றும் உண்டு. அசல் நிறத்தைச் சின்ன விமானத்தில் அப்படியே அடித்தால் கறுத்துப்போய்ப் பொம்மை மாதிரி இருக்கும். இரண்டு சொட்டு வெள்ளை சேர்த்தால்தான் தூரத்தில் நிற்கிற நிஜ விமானம் போல இருக்கும். அந்த இரண்டு சொட்டில் கலர்காரரை அடிக்க ஆளில்லை.

ஒட்டுகிற வேலை அவருக்கு வராது. தடித்த விரல். அதைச் செய்தவர் கடியாரக்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற ஒரு கைக்கடியார ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு எறும்புக் கால் மாதிரி இருக்கிற துண்டைக்கூட இடுக்கியால் எடுத்து நட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலையிலேயே மாடி ஏறி வந்துவிடுவார். ஒருவர் ஒட்ட, ஒருவர் அடிக்க, சாயங்காலம் ஆகிவிடும். ஒரு நாளில் இருவருமாகப் பேசுவது பத்து வார்த்தைக்கு மேல் இருக்காது. பன்னிரண்டு வருஷம் அப்படி ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நின்றது. நூலக மண்டபத்தில் இப்படி விமானம், கப்பல் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு காட்சி வைத்தார்கள். இவர்களுடைய நாற்பத்தோராவது விமானம் முழுசாக முடியவில்லை. முன்னால் சுற்றுகிற விசிறியையும் விமானி தலைக்கு மேல் வருகிற கண்ணாடி மூடியையும் கடைசியில்தான் ஒட்டுவார்கள். அவை கடியாரக்காரரிடம் ஒரு தீப்பெட்டியில் இருந்தன. சரி, இருக்கிறபடி வைப்போம் என்று வைத்தார்கள்.

கடியாரக்காரர் விமானத்தைத் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து கலர் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"யோவ், அடிப்பக்கம் நீலமாப் போயிருக்கே. இப்ப கொஞ்ச நாளாவே உனக்கு நீலம் தூக்கலா விழுது."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கலர்காரருக்குச் சுருக்கென்றது. "காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க? போய்க் கண்ணைக் காட்டுய்யா."

"சீட்டு பொய் சொல்லுமா? நீயே வெச்சுப் பாரு."

சீட்டைத் தட்டிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"பொண்டாட்டி வீட்டை விட்டுப் போன அன்னிக்கு என்ன கலர் உடுத்தியிருந்தான்னு போலீஸ்காரன் கேட்டதுக்கு முழிச்சவன்தானே நீ? எனக்குக் கலர் சொல்ல வந்துட்டான்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்போதோ, பசை காயக் காத்திருந்த நேரத்தில் கடியாரக்காரர் இவரிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. கடியாரக்காரர் கீழே விழுந்த சீட்டை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

"வரட்டும், அவனுக்கே இவ்வளவு ரோஷம் இருந்தா எனக்கு எவ்வளவு இருக்கும்" என்று கலர்காரர் இருந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருப்பது சுகம்தான். ஆனால் அந்த முயலோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். விசிறி இல்லாத விமானம் பலகையின் கடைசியில் மூக்கறுந்து நின்றது. புதுசாக எதுவும் செய்ய ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு இரண்டையும் அவரே குடித்தார். வாரத்தில் அந்த ஒரு நாள் அவர் குரலை அவரே கேட்கவில்லை.

இந்த வருஷம் பட்டறையில் ஒரு வெள்ளைக் காரின் கதவு, நீலம் அதிகமாகப் போட்டுத் துவைத்த சட்டை மாதிரி வந்து நின்றது. கார்க்காரர் கத்தினார். முதலாளி கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணே, இது மூணாவது வண்டி. தயவு செஞ்சு கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றார்.

காட்டினார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். தங்கை வந்து இரண்டு நாள் இருந்து, சமைத்து வைத்து, திட்டி முடித்து, பஸ் ஏறினாள். கட்டு அவிழ்த்த மறுநாள் காலை கலர்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பினார்.

நாற்பத்தோராவது விமானத்தைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். அடிவயிறு பளீரென்று நீலமாக இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தார், நீலம். வலது கண்ணை மூடிப் பார்த்தார், வாத்து முட்டை ஓடு. திரும்ப இடது, திரும்ப வலது. ஒரு கண்ணில் கடியாரக்காரர் சொன்னது, மறு கண்ணில் தான் சொன்னது. முப்பத்தாறு, முப்பத்தேழு, எல்லாவற்றையும் கவிழ்த்தார். வர வர நீலம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. புரையில் கண் மஞ்சளாகப் பழுத்துக்கொண்டே வந்திருக்கிறது, நெற்றிக்குள் இருந்த நிறத்துக்கு எட்ட இவர் நீலத்தை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சீட்டைப் பக்கத்தில் வைத்திருந்தால் அகப்பட்டிருக்கும்.

விமானத்தைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

கடையில் கடியாரக்காரர் தலையைத் தூக்கினார். மூன்று வருஷத்தில் முடி முழுக்க நரைத்திருந்தது. நரை என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் கலர்காரருக்குச் சரியாகத் தெரிந்தது.

"என்ன, வாட்ச் நின்னுபோச்சா?"

"நீ சொன்னது சரிய்யா. நீலம்தான். கண்ணுல புரை. நான் வேணும்னு சொல்லல, எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. இப்பவும் இந்தக் கண்ணுல அப்படித்தான் தெரியுது."

கடியாரக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். இழுப்பறையைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"உன்னோடது. எடுத்துட்டுப் போ."

"அவ்வளவுதானா?"

"நான் நீலத்துக்காகவாய்யா வராம இருந்தேன்?"

கலர்காரர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தீர்ந்துபோயிருந்தது.

கடியாரக்காரர் கையிலிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பச்சை. அவ அன்னிக்குப் பச்சைதான் உடுத்தியிருந்தா. எனக்குத் தெரியாமயா இருக்கும்? சொன்னா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவாங்க. போகணும்னு போனவ. போகட்டும்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். நீ அதை மண்டபத்துல வெச்சு வித்துட்டே."

கலர்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பஸ் நிலையம் வரைக்கும் நடந்தார். அவருடைய பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் "வாங்கண்ணே" என்றார். ஏறவில்லை. ஏறினால் மாடிப்படி, கதவு, பலகை, இரண்டு டம்ளர். பஸ் போனபின் திரும்பி நடந்தார்.

கடையில் ஒரு அம்மா வாட்சுக்கு ஸ்ட்ராப் மாற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருக்க அவருக்குத் தைரியம் இல்லை. காத்திருந்தால் மறுபடி வாய் அடைத்துக்கொள்ளும்.

"அன்னிக்கு அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு. அதுக்குத்தான் வந்திருக்கணும், வேற எதுக்கோ வந்துட்டேன்."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாட்சை வாங்கிக்கொண்டு போனாள். கடியாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ரிப்பேருக்கு வாட்ச் வாங்கினால் எழுதிக் கொடுக்கிற சீட்டுப் புத்தகத்தை இழுத்தார். என்னவோ எழுதினார். பெட்டியையும் தீப்பெட்டியையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்காத. வியாபாரம் கெடுது."

கலர்காரர் வெளியே வெயிலுக்கு வந்து சீட்டைப் பார்த்தார். 'விமானம் ஒன்று. விசிறி இல்லை. அடிப்பக்கம் திரும்ப அடிக்கணும்.' கீழே, திரும்பக் கொடுக்கிற நாள் என்று அச்சடித்திருந்த இடத்தில் 'ஞாயிறு' என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. கலர்காரர் இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டிலும் ஞாயிறு என்றுதான் இருந்தது.